பாறையடி சாஸ்தாவுக்குப் போகிற வழி

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். நீங்கள் வந்த காரியம் போனிலேயே புரிந்துவிட்டது. உங்கள் ஊர் மலையைத் தேசியப் பூங்காவாக அறிவிக்க வைக்க வேண்டும், அதற்கு நாங்கள் என்ன செய்தோம் என்று தெரிய வேண்டும். வீரகுளம் இயற்கை நண்பர்கள் குழு என்றால் இப்போது எல்லாப் பக்கமும் பெயர் தெரிந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். எப்படி ஜெயித்தீர்கள்? என்னைப் பார்த்தால் ஜெயித்தவன் மாதிரியா இருக்கிறது? வீட்டில் ஒரு வாய் காபி போட்டுக் கொடுக்க ஆள் இல்லை. இருங்கள், நானே போடுகிறேன்.

பால் திரிந்திருக்கிறது. கடுங்காப்பிதான். குடிப்பீர்கள் இல்லையா?

சொல்கிறேன். நான் தாவரவியல் வாத்தியார். இன்னும் ஓய்வு பெறவில்லை. நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்களே, அதுதான் நெடும்பாறை மலை. அதற்குள்ளே, செக்போஸ்ட்டிலிருந்து ஒரு காலை நேர நடையில், பாறையடி சாஸ்தா கோயில். கோபுரம், பிராகாரம் என்றெல்லாம் நினைக்காதீர்கள். ஒரு பெரிய பாறை, அதன் அடியில் சாஸ்தா. கொஞ்சம் தள்ளி மருதமரத்தடியில் தளவாய் மாடன். முன்னால் ஓடை. அவ்வளவுதான். எங்கள் குலசாமி.

உங்கள் பக்கம் எப்படியோ தெரியாது. எங்கள் தெற்கத்திச் சீமையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பம்பாயில் இருந்தாலும் பங்குனி உத்திரத்தன்று அவனவன் சாஸ்தாவைத் தேடி வந்துவிட வேண்டும். பிள்ளைக்கு முதல் முடி அங்கேதான் இறக்க வேண்டும். அந்த ஓடைத் தண்ணீரைத் தலையில் தொட்டு வைத்து இறக்க வேண்டும். அதுவரை பிள்ளை தலையில் கத்திரி படக்கூடாது. எனக்கு அங்கேதான் இறக்கினார்கள், என் மகனுக்கும் அங்கேதான். சாமி உண்டா என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டால் நான் வேறு பதில் சொல்வேன். ஆனால் முதல் முடி என்பது சாமி விஷயம் இல்லை, குடும்ப விஷயம். அதை நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நானும் பல் டாக்டர் ஞானதிரவியமும்தான் குழுவை ஆரம்பித்தோம். உத்திரத்துக்கு மறுநாள் சாக்குப் பையோடு மலையேறுவோம். பிளாஸ்டிக் டம்ளர், எண்ணெய் பாக்கெட், பிய்ந்த செருப்பு, பாட்டில். அத்தனையும் பொறுக்கி முதுகில் சுமந்து இறக்குவோம். வனத்துறை எங்களுக்கு அனுமதி கொடுத்ததே அதற்காகத்தான். அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். மூட்டை சுமந்துகொண்டு இறங்கும்போது தலைக்கு மேலே கருமந்திக் குரங்குகள் கிளை தாவும், இருவாச்சியின் சிறகுச் சத்தம் கேட்கும், ரயில் போகிற மாதிரி. நான் நின்றுவிடுவேன். டாக்டர் பின்னாலிருந்து, "வாத்தியாரே, நடையும்வே, மூட்டை நாறுது" என்பார்.

அந்தக் குப்பையைத்தான் மூன்று வருஷம் சேர்த்து வைத்தோம். கலெக்டர் ஆபீஸ் முன்னால் கொண்டுபோய்க் கொட்டினோம். பேப்பரில் படத்தோடு வந்தது. அதற்குப் பிறகுதான் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த மலைக்குப் பெரிய ஆபத்து எது என்று கேட்டார்கள். திருவிழாக் கூட்டம் என்றேன். உண்மைதானே? கடற்கரை ஊர்களிலிருந்து லாரி கட்டி வருவார்கள். ரேடியோ செட், ஜெனரேட்டர், கிடா. அவர்களுக்கும் அது குலசாமி என்பார்கள். இருக்கலாம். ஆனால் காட்டில் எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. எங்கள் குடும்பம் வந்தால் வாழை இலை, பித்தளைப் பானை, சத்தம் கிடையாது. நான் திருவிழாக் கூட்டம் என்று சொன்னபோது எங்களைச் சொல்லவில்லை. அது கேட்கிறவருக்குப் புரியும் என்றுதான் நினைத்தேன்.

போஸ்டருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. டாக்டர் எடுத்த படங்களில் ஒன்று நன்றாக வந்திருந்தது. கரி படிந்த பாறை, புகை, அடுப்புக்கு முன்னால் துண்டு கட்டிக்கொண்டு குனிந்து நிற்கிற ஒரு ஆள். முதுகு மட்டும்தான் தெரியும். 'இந்தக் காடு யாருக்கு?' என்று மேலே எழுதி ஊரெல்லாம் ஒட்டினோம். அது என் அண்ணன் கோமதிநாயகத்தின் முதுகு. எனக்குத் தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. முகம் இல்லாத படத்தில் யார் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் நாற்பது வருஷமாக இந்த ஊரில் சட்டை போடாமல் கடையில் உட்கார்ந்திருக்கிற மனிதர். ஊருக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் பழக்கம். பஸ் ஸ்டாண்டில் பையன்கள், "என்ன அண்ணாச்சி, போஸ்டர்லாம் பலமா இருக்கு, எலெக்‌ஷன்ல நிக்கேளோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொள்வது அவர் சுபாவம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. கலெக்டர், வன அதிகாரிகள், எல்லோரும் மேடையில். நான் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தார். "எல்லாம் சரிதான். சாஸ்தாவுக்கு யாரு வெளக்குப் போடுவா? அதை மட்டும் தம்பி சொல்லட்டும்" என்றார். மண்டபமே என்னைப் பார்த்தது. எனக்கு மைக் கையில் வந்தால் வார்த்தை தானாக வரும். வாத்தியார் வேலையில் வந்த பழக்கம். "சாஸ்தா காட்டுக்குச் சொந்தக்காரர். காடு இருந்தால் அவருக்கு வெளிச்சம் தானா வரும். நம்ம எண்ணெய் விளக்கு அவருக்கு எதுக்கு?" என்றேன். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. கலெக்டர் சிரித்தார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இன்றைக்கும் அது நல்ல பதில் என்றுதான் நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள், வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

அறிவிப்பு வந்தது. நெடும்பாறை தேசியப் பூங்கா. சால்வை போட்டார்கள், வெடி போட்டார்கள். புதிதாக எடுத்த வனக்காவலர்களுக்கு வகுப்பெடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். எல்லாம் எளிய வீட்டுப் பிள்ளைகள், உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். "நாளைக்கு செக்போஸ்ட்டில் எம்.எல்.ஏ. வந்தாலும் விடக்கூடாது. அவ்வளவு ஏன், நானே வந்து நின்றாலும் விடக்கூடாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அது பேச்சுக்குச் சொல்வது. மேடையில் பேசுகிற எவனும் அப்படித்தான் சொல்வான். அதைப் போய் ஒருவன் அப்படியே எடுத்துக்கொள்வான் என்று யார் கண்டது?

அந்த வருஷம்தான் என் பேரன் பிறந்தான். மகன் ஓசூரில் வேலை. அடுத்த பங்குனி உத்திரத்துக்கு மகன், மருமகள், மருமகளின் அண்ணன், பிள்ளை எல்லோருமாக வேனில் செக்போஸ்ட்டுக்குப் போனோம். என் மனைவி உலகம்மாள் விடியலுக்கு முன்னே எழுந்து பச்சரிசி, வெல்லம், எண்ணெய் எல்லாம் கட்டி வைத்திருந்தாள். நான் பாலித்தீன் பை ஒன்று விடாமல் பார்த்து எடுத்துப் போட்டேன்.

கம்பு குறுக்கே போட்டிருந்தது. மாசானம் என்கிற பையன் காவலுக்கு நின்றான். என் வகுப்பில் முன்வரிசையில் இருந்தவன். எழுந்து சல்யூட் அடித்தான். கம்பைத் தூக்கவில்லை. கோயிலுக்குப் போக இனி யாருக்கும் அனுமதி இல்லை என்று உத்தரவு வந்திருக்கிறதாம். தெரியும்டே, நான்தான் கேட்டு வாங்கினேன் என்றேன்.

"அதான் சார், நீங்க வந்தாலும் விடக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

அவன் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். இது வேறு, குடும்ப விசேஷம், பிள்ளைக்கு முதல் முடி, ஒரு பொட்டுக் குப்பை விழாது என்று எடுத்துச் சொன்னேன். "எனக்கும் அதே சாமிதான் சார். எம் மவளுக்கும் இன்னும் முடி எறக்கல" என்றான். அவன் கதை அவனுக்கு. நான் கேட்டது வேறு. ரேஞ்சருக்குப் போன் போட்டேன். அவர் வடக்கத்திப் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். உங்களை மாதிரிப் பெரியவர்களே விதிக்குக் கட்டுப்பட்டால்தான் மற்றவர்களுக்கு நாங்கள் சொல்ல முடியும் என்றார். அந்த வாக்கியம்கூட நான் எங்கேயோ பேசினதுதான்.

சரி, குப்பை பொறுக்குகிற அனுமதியிலாவது உள்ளே போகலாம் என்று பார்த்தால், கூட்டமே வராதபோது ஏது குப்பை?

வேன் திரும்பி வரும்போது உலகம்மாள் ஒரு வார்த்தைதான் சொன்னாள். "ஒங்க கருமந்தி போயி பொங்கல் வச்சுக்கிடும்."

பிள்ளைக்கு முடி வளர்ந்தது. கத்திரி வைக்கக்கூடாது என்று உலகம்மாள் கண்டிப்பு. கழுத்து வரைக்கும் வந்தது, தோளுக்கு வந்தது. தலையில் கொண்டை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டார்கள். ஓசூரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாப்பா, பாப்பா என்று கூப்பிடுகிறார்களாம். மருமகள் நேரே என்னிடம் சொல்ல மாட்டாள், மகனிடம் சொல்வாள், மகன் என்னிடம் சொல்வான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறதுக்குள்ளேயாவது முடித்துவிடுங்கள் அப்பா என்பான். நான் மனு கொடுத்துக்கொண்டிருந்தேன். பாரம்பரிய வழிபாட்டு உரிமையுள்ள குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பாதுகாப்பில் பங்கு பெற்ற குடும்பங்களுக்கு, வருஷத்தில் ஒரு நாள். நியாயமான கோரிக்கை. பதில் இல்லை.

இதற்கிடையில் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மலையடிவாரத்தில் இருக்கிற அவருடைய தோப்பில் ஒரு சாஸ்தாவை வைத்துவிட்டார். பழைய கோயிலுக்குப் போக முடியாமல் போனால் அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து வேறு இடத்தில் வைத்துக் கும்பிடலாம். பிடிமண் என்போம். அந்தச் சாமியே இங்கே வந்ததாகக் கணக்கு. ஆனால் மண்ணை எப்போது எடுத்தார்? கேட்டால், கல்யாண மண்டபக் கூட்டம் நடந்ததே, அதற்கு அடுத்த உத்திரத்திலேயே, காடு மூடுவதற்கு முன்னாலேயே, மடியில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார். நான் கூடத்தான் இருந்தேன். யாரும் குப்பை போட்டுவிடாமல் பார்த்துக்கொண்டு அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லவில்லை பாருங்கள்.

நான் போய்ப் பேசினேன். கடையில் வழக்கம்போலச் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணே, பேரனுக்கு முடி இறக்கணும், தோப்பிலேயே வச்சுக்கிடுவோம் என்றேன். சொல்லும்போதே எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் இறங்கிப் போனேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"காட்டுல இருக்க சாமி ஒனக்கு. பிடிமண் சாமி எங்களுக்கு. நீதான அவருக்கு வெளக்கு வேண்டாம்னுட்ட. நாங்க போட்டுக்கிடுதோம். நீ எதுக்குல இங்க வாற?"

கடையில் நாலு பேர் இருந்தார்கள். தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புள்ளையக் கொண்டாங்க, அவனுக்கு என்ன தெரியும், அவன் வரலாம், ஒன் பொண்டாட்டி வரலாம் என்றார். நான் மட்டும் கூடாது. நானும் சொன்னேன், நான் இல்லாமல் என் பேரனுக்கு அங்கே எதுவும் நடக்காது என்று. தன்மானம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா?

இதைக் கேளுங்கள். இந்தத் தை மாசம் டாக்டர் வந்தார். அவருக்கு இப்போது கௌரவ வனக் காப்பாளர் பதவி. எனக்கு வரவேண்டியது என்று சிலர் சொன்னார்கள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கெடுப்புக்கு என்று உள்ளே போய் வருகிறார். போனில் படம் காட்டினார். பாறை மேலே பாசி, சாஸ்தா மேலே கொடி. ஓடைக்கரையில் நீர்நாய் இரண்டு, வாயில் மீனோடு. மருதமரப் பொந்தில் இருவாச்சி கூடு வைத்திருக்கிறது. அது கூடு வைத்து எத்தனையோ காலமாயிற்று. "பாரும்வே, நம்ம ஜெயிச்சுட்டோம்" என்றார். ஆமாம், ஜெயித்துவிட்டோம். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஓடையில் பிள்ளையை நிறுத்தினால் தண்ணீர் முழங்கால் வரை வரும் என்று தோன்றியது.

டாக்டருக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "மாசிக் கடைசியில மறுபடியும் உள்ள போறேன். சட்டைப் பையில ஒரு பிடி மண்ணு. யாரு பாக்கப் போறா? வாட்டர் பாட்டில்ல கொஞ்சம் ஓடைத் தண்ணி. ஒம்ம வீட்டுக் கொல்லையிலயே சாமிய வச்சுக்கிடும். அண்ணன் தயவு எதுக்கு?"

அவர் கிறிஸ்தவர். எனக்காக அவ்வளவு தூரம் யோசித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடாது என்றேன். தேசியப் பூங்காவிலிருந்து ஒரு சருகு எடுத்தாலும் குற்றம். குழு தொடங்கிய நாள் முதல் நாம் சொல்லிவருகிறதே அதுதான். இன்றைக்கு ஒரு பிடி மண் என்றால் நாளைக்கு ஒரு லோடு மணல் என்று விளக்கினேன். டாக்டர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நீரு ஒரு பெரிய மனுசன்வே" என்று எழுந்து போனார். பாராட்டாகத்தான் சொன்னார்.

உலகம்மாள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பையை எடுத்துத் துணியை மடித்து வைத்தாள். நான் வாசலில் நின்றுகொண்டு, எங்கே என்று கேட்டேன்.

"பங்குனி உத்திரத்துக்குள்ள புள்ளைக்கு முடி எறக்கியாகணும். மூணாம் வயசு விட்டா, நாலுல கூடாது, அப்புறம் அஞ்சுதான். தோப்புக்கு ஒங்க அண்ணன் கூப்பிட்டாச்சு. ஒங்களுக்கு சாஸ்தாகிட்டயும் மனசில்ல, அண்ணன்கிட்டயும் மனசில்ல, வாற வழி எதுலயும் மனசில்ல. நீங்க இங்கயே இருந்து காட்டப் பாத்துக்கிடுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

உத்திரத்தன்று தோப்பில் வைத்து முடி இறக்கினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி, அண்ணன் கிணற்றுத் தண்ணீரைத் தலையில் தொட்டு வைத்திருக்கிறார். கிணற்றுத் தண்ணீர்! மகன் வீடியோ அனுப்பினான். பிள்ளை அழவே இல்லை. சந்தனம் தடவின தலையைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரிக்கிறான். அண்ணன் தோளில் உட்கார்ந்துகொண்டு அவர் காதைப் பிடித்துத் திருகுகிறான். மாசானம்கூட மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்கு இலை போட்டுச் சாப்பாடு. லாரியில் வருகிறவர்களும் இப்போது அங்கேதானாம், ரேடியோ செட்டோடு. சாப்பாடு முடிந்ததும் உலகம்மாள் அப்படியே மகனோடு ஓசூருக்குப் போய்விட்டாள். கோடை வெயில் தணிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் அன்றைக்கு செக்போஸ்ட் வரை நடந்துபோய்த் திரும்பினேன். காவலுக்கு வேறு பையன். என்னை யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

நான் என்னையே கேட்காத நாள் இல்லை, நம்புங்கள். எங்கே தப்பு செய்தேன்? தப்பை ஒத்துக்கொள்ளாத ஆள் இல்லை நான். தினமும் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். காட்டை மூடியது சரி. விதி எல்லோருக்கும் ஒன்று என்றது சரி. மண்ணை எடுக்காதே என்றது சரி. எல்லாம் சரியாக இருக்கிறது. அப்புறம் கூட்டிப் பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. ரேஞ்சருக்கு ஆள் பார்த்து நடக்கத் தெரியவில்லை. அண்ணனுக்குப் பொறுமை இல்லை. உலகம்மாளுக்குப் பெரிய விஷயம் சின்ன விஷயம் தெரியவில்லை. நான் என்ன செய்ய முடியும்? அந்த முடி செல்லுமா செல்லாதா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடைத் தண்ணீர் படாமல் இறக்கின முடி எப்படிச் செல்லும்? வாத்தியார் இப்படிக் கேட்கிறேனே என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும்.

காபி ஆறிவிட்டதே, குடியுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். குப்பை, போஸ்டர், கூட்டம், மனு எல்லாம் எப்படிச் செய்வது என்று அப்புறம் சொல்லித் தருகிறேன், அதொன்றும் கஷ்டமில்லை. முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் மலைக்குள் கோயில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறதா. எத்தனை குடும்பத்துக்கு?

அவ்வளவா. உங்கள் குழுவில் இருக்கிற யாருக்காவது அது குலசாமியா? நன்றாக விசாரித்துவிட்டீர்களா? பெண் கொடுத்த வழி, எடுத்த வழி எதிலும் இல்லையே?

ஒருவருக்கும் இல்லையா.

அப்படியானால் பயமே வேண்டாம். அடைத்துவிடுங்கள்.